சர்க்கரைப் பொட்டலங்கள்

பழையவரை அனுப்பி ஒன்பது நாள்.
வின்ஸ்லோ ஃபோர்க்கில் பனி முழங்கால்வரை,
பேச்சு கழுத்துவரை.

நான் காபி ஊற்றும் கடையில் காலை ஆறுக்கே
நான்காம் மேஜை நிரம்பிவிடுகிறது.
டயர் கடை க்ருபிச்கா, முடிதிருத்தும் வெர்லின்,
விதைச்சோளம் விற்கும் ஹாக்கன்சன் சகோதரர்கள்.
இளையவர் பேசமாட்டார், தலையை மட்டும் ஆட்டுவார்.
அந்த ஆட்டத்துக்கும் பொருள் சொல்ல ஆள் இருக்கிறது.

தலைமைப் பயிற்சியாளர் வேலைகூட இல்லை இது.
முன்வரிசை ஐவருக்கு மட்டும் ஒரு வாத்தியார்.
பந்தோடு ஓடாத ஐவர்.
நடுவில் குனிபவன் மட்டும்
அதைக் கால்களுக்கிடையே பின்னால் தள்ளுவான்,
தள்ளிய கணமே மறந்துவிட வேண்டும்.
முட்டுவதற்கென்றே தீனி போட்டு வளர்த்த பிள்ளைகள்.
போன பருவத்தில் அவர்களைத் தாண்டி வந்து
பந்து எறியும் நம் பையனை
நாற்பத்தொரு முறை மண்ணில் சாய்த்தார்கள்.
வெர்லின் எண்ணி வைத்திருக்கிறார்.
கழுத்தில் கத்தி இருக்கும்போதும் சொல்வார்.

"டல்ஹார்ட்தான் வருகிறான், எழுதி வைத்துக்கொள்."
"அவன் மாமியார் அரிசோனாவை விட்டு அசையமாட்டாள்."
"ஒஹையோக்காரன் வீட்டை விற்கப் போட்டிருக்கிறானாம்."
"அது விவாகரத்து."
"நல்லதுதானே, சாமான் பாதியாகிவிடும்."

ஊகம் மேஜையை ஒரு சுற்றுச் சுற்றி
கிளப்பியவரிடமே திரும்பி வரும்போது
அவரே அதைச் செய்தி என்று வாங்கிக்கொள்கிறார்.

செவ்வாய் இரவு ஒரு சிறுவிமானம்.
வால் எண் க்ருபிச்காவின் கைபேசியில் ஊர்ந்து வந்தது.
உறைநிலைக்குக் கீழே இருபதில்
பதினான்கு பேர் ஓடுதளத்து வேலியருகே நின்றார்கள்,
ஒருவர் கல்லூரிக் கொடியோடு.
கதவு திறந்தது.
இறங்கியவர் கையில் ஒரு குளிர்ப்பெட்டி:
ஏதோ ஒரு கன்சாஸ் பன்றியின் உயர்ரக விந்து,
கிழக்கே ஒரு பண்ணைக்கு.
கொடி சுருண்டு காருக்குள் போயிற்று.

காலையில் வெர்லின் சொன்னார்:
"நம் கவனத்தைத் திருப்பத்தான் அந்தப் பெட்டி."
இளைய ஹாக்கன்சன் தலையாட்டினார்.

என்னிடம் யாரும் கேட்கவில்லை.

போன வெள்ளி, மதியக் கூட்டம் கலைந்த பிறகு,
உப்புச்சேறு படிந்த வாடகைக் காரில் ஒருவர் வந்தார்.
நசுங்கி ஆறிய காதுகள்.
இரண்டு முட்டை, பொரித்த உருளைக்கிழங்கு.
தட்டு வரும்வரை
ஐந்து சர்க்கரைப் பொட்டலங்களை வரிசையாக வைத்தார்.
எதிரில் உப்பு, மிளகு, கெட்சப் புட்டி.
இடக்கோடிப் பொட்டலத்தை
அரை அங்குலம் பின்னால் இழுத்தார்.
பார்த்தார்.
இன்னும் அரை அங்குலம்.
மிளகு உள்ளே வர வழியில்லை.

ஐந்தையும் கிண்ணத்தில் திருப்பி வைத்துவிட்டுத்தான்
முட்டையைத் தொட்டார்.

சொல்லியிருந்தால் இந்த வாரம் டிப்ஸ் இரட்டிப்பாகியிருக்கும்.
நாக்கு நுனிவரை வந்தது, பல முறை.

ஏழே காலுக்குக் கதவு மணி குலுங்கியது.
ஷெரில் ஆஸ்ட்ரண்டர். பழையவரின் மனைவி.
மூன்றாம் வகுப்பு டீச்சர், ஜூன்வரை இங்கேதான்.
அவர் டகோட்டாவில் தம்பி வீட்டில்
போன் அடிக்கக் காத்திருக்கிறார்.
நான்காம் மேஜைக்குத் திடீரென்று
சோள விலை ஞாபகம் வந்துவிட்டது.

காகிதக் கோப்பையின் மூடியை
இரண்டு முறை அழுத்திப் பார்த்தாள்.
பிறகு, எனக்கு மட்டும் கேட்கும்படி:

"வருகிறவருக்கு எங்கள் வீட்டைத்தான் காட்டுவார்கள்.
அவர் மனைவி இங்கே வந்தால் சொல்லிவிடு.
மார்ச்சில் நிலவறையில் தண்ணீர் ஏறும்.
வடகிழக்கு மூலை.
பெட்டி எதையும் தரையில் வைக்க வேண்டாம்."

யார் என்று அவள் கேட்கவில்லை.
சர்க்கரை வேண்டுமா என்றேன்.
கிண்ணத்தில் கைவிட்டு
இரண்டு எடுத்துக்கொண்டாள்.